செவுளில் புழு என்றார் கடைக்காரர், சொட்டு வேறு சொன்னது

இரண்டடி மீன் தொட்டி, அதில் மூன்று தங்கமீன்: இரண்டு ஓரண்டா ரகம், ஒன்று பிளாக் மூர் ரகம். போன மே மாதம் ஒரு காலையில் மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் மூடிகள் படபடவென்று அடித்தன. வீடியோ எடுத்துக்கொண்டு சென்னை கொளத்தூரில் இருக்கும் அலங்கார மீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "செவுள்ல புழு சார், இத ஊத்துங்க" என்று நீல மருந்து ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார். ஊற்றினேன். மறுநாள் மூர் செத்து மிதந்தது.

அதற்கப்புறம் வாங்கியதுதான் இந்தச் சொட்டு டெஸ்ட் கிட்; தொட்டித் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு, மாறும் நிறத்தை வைத்து அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது. விலை மூவாயிரத்துச் சொச்சம். "மீனே இருநூறு ரூபாய்தானே" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். முதலில் நானும் தண்ணீரில் முக்கிப் பார்க்கும் மலிவான காகித ஸ்ட்ரிப்தான் வாங்கினேன். அதில் மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அமோனியாவுக்குக் கட்டமே இல்லை. வாங்குபவர்கள் டப்பாவைத் திருப்பி அதை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

கிட்டில் அமோனியா சோதனை எளிது. ட்யூபில் 5 மி.லி. கோடு வரை தொட்டித் தண்ணீர், இரண்டு பாட்டிலிலிருந்தும் எட்டெட்டு சொட்டு, குலுக்கல், ஐந்து நிமிடக் காத்திருப்பு. பாட்டிலைச் சாய்க்காமல் நேராகக் கவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் சொட்டின் அளவு மாறும். மஞ்சள் வந்தால் நிம்மதி. எனக்கு வந்தது வாழையிலைப் பச்சை. வண்ண அட்டையில் 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு.

அப்போதுதான் பொறி தட்டியது. மீன்கள் மேலே வந்ததற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சமையலறைக் குழாயில், மெட்ரோ தண்ணீரில், பளபளவென்று கழுவியிருந்தேன். ஸ்பாஞ்சில் குடியிருந்த, அமோனியாவைத் தின்னும் பாக்டீரியாவை அந்தத் தண்ணீரின் குளோரின் கொன்றுவிட்டது. மிச்சமிருந்ததை நீல மருந்து பார்த்துக்கொண்டது. புழு என்றால் பெரும்பாலும் மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கும், ஒரு பக்கச் செவுளை மூடியே வைத்திருக்கும். எல்லா மீனும் ஒரே ராத்திரியில் மூச்சுக்குத் திணறினால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும். (செத்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துப் புண்ணியமில்லை, சீக்கிரமே வெளுத்துவிடும்.)

இனி குறைகள். கிட் காட்டுவது மொத்த அமோனியா. அதில் எவ்வளவு விஷம் என்பதை பிஎச்சும் சூடும்தான் தீர்மானிக்கின்றன. 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எங்கள் போர் தண்ணீர் மாதிரி 8.2 என்றால் பத்தில் ஒரு பங்குக்கு மேல். என் கிட்டின் சாதா பிஎச் பாட்டில் 7.6க்கு மேல் காட்டாது. அதையே நம்பி இரண்டு நாள் ஏமாந்தேன். அப்புறம்தான் 'ஹை ரேஞ்ச்' பாட்டில் தனியாக இருப்பதைக் கவனித்தேன்.

அமோனியாவை பாக்டீரியா கடைசியில் மாற்றுவது நைட்ரேட்டாக; அதற்கான சோதனையின் இரண்டாவது பாட்டில் இன்னும் மோசம். மருந்து அடியில் படிந்துவிடும். அரை நிமிடம் நன்றாகக் குலுக்காவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். நான் மேஜையில் தட்டித் தட்டிக் குலுக்குகிறேன், கீழ்வீட்டில் கேட்டேவிட்டார்கள். மஞ்சள் எல்இடி வெளிச்சத்தில் அமோனியா அட்டையைப் பார்த்தால் 0க்கும் 0.25க்கும் வித்தியாசமே தெரியாது. பால்கனிக்கு எடுத்துப் போங்கள். தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை இது சொல்லாது. வெயில் காலத்தில் மீன் மேலே வர அதுவும் காரணமாகலாம். ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது பொடி எழுத்தில் இருக்கும் அந்த இங்கிலீஷ் தாளுக்காக.

தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, தீனியைப் பாதியாக்கி, சாயங்காலம் ஒரு ட்யூப் பார்த்து வந்தேன். பதினாறாம் நாள் மஞ்சள் வந்தது. இரண்டு ஓரண்டாவும் இப்போது அடியில் கல்லைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. தொட்டி மூலையில் கண்ணாடியை ஒட்டிய சிலிகான் பசை மட்டும் இன்னும் நீலமாகவே இருக்கிறது.