ஆரியரும் ஹரப்பரும்: மூன்று விளக்கங்களில் எது நிற்கிறது?

ஹரப்பர் வாழ்ந்த சிந்துவெளி நகரங்கள் செழித்த காலம் ஏறத்தாழ கி.மு. 2600 முதல் 1900 வரை. ஆரியர் இயற்றிய ரிக் வேதப் பாடல்கள் கி.மு. 1500-க்குப் பின் உருவானவை என்பதே மொழியியலாளர் பெரும்பாலோரின் கணிப்பு. இடைப்பட்ட காலத்தில் நடந்ததற்கு மூன்று விளக்கங்கள் போட்டியிடுகின்றன: ஆரியர் படையெடுத்து வந்தனர், மெல்ல மெல்லக் குடிபெயர்ந்து வந்தனர், இந்த மண்ணிலேயே தோன்றினர்.

படையெடுப்பு வாதத்தைச் சீக்கிரமே முடித்துவிடலாம். மொகஞ்சதாரோவில் கிடந்த எலும்புக்கூடுகளையும், கோட்டைகளைத் தகர்ப்பவன் என்று இந்திரனைப் போற்றும் பாடல்களையும் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் 1947-இல் முடிச்சுப் போட்டார். ஆனால் கிடைத்தவை நாற்பதுக்கும் குறைவான உடல்கள். அவையும் ஒரே காலத்தவை அல்ல. கோட்டைப் பகுதியில் ஓர் உடல்கூட இல்லை என்பதை தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் 1964-இல் எடுத்துக்காட்டினார். பின்னர் மானுடவியலாளர் கென்னத் கென்னடி எலும்புகளைச் சோதித்தபோது, வெட்டுக்காயம் என்று கருதத்தக்க தடயம் ஓரிரு மண்டையோடுகளில்தான் தென்பட்டது. நகரங்கள் சரிந்ததற்குப் பருவமழை குன்றியது வலுவான காரணம். மக்கள் கிழக்கேயும் குஜராத் பக்கமும் நகர்ந்து சிற்றூர்களில் வாழ்ந்தார்கள்.

உள்ளூர்த் தோற்ற வாதத்துக்கு ஒரு பலம் உண்டு: ஹரப்பா ஊர்களில் வெளியார் வந்து குடியேறியதைக் காட்டும் தெளிவான மண்ணடுக்கு எதுவும் இல்லை. அது இடறுவது குதிரையில். வேதத்தில் குதிரையும் ஆரக்கால் தேரும் எங்கும் நிறைந்திருக்க, ஆயிரக்கணக்கான ஹரப்பா முத்திரைகளில் ஒன்றிலும் ஐயமற்ற குதிரை இல்லை. குஜராத்தின் சுர்கோட்டடா என்ற ஹரப்பா ஊரில் கிடைத்த எலும்புகள் குதிரையுடையவையா என்பதில் நிபுணர்களே முரண்படுகிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் சினௌலியில் 2018-இல் கிடைத்த வண்டிகளின் சக்கரங்களுக்கு ஆரங்கள் கிடையாது; அவை முழு வட்டத் தட்டுகள். ஆரக்கால் தேர் ரஷ்யாவில் உரால் மலையின் தென்கிழக்கே, சின்தாஷ்தா புதைகுழிகளில் சுமார் கி.மு. 2000-இலேயே காணப்படுகிறது.

எனவே நிற்பது குடிபெயர்வு. 2019-இல் 523 தொல்மனிதர்களின் டிஎன்ஏவை ஆராய்ந்த குழு, ஆரிய மொழியைக் கொண்டுவந்தவர்களுடையது எனக் கருதப்படும், யூரேசியாவின் ஸ்டெப்பி புல்வெளி மக்களின் மரபணு மரபு கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையே தெற்காசியாவுக்குள் வந்தது என்று கணித்தது. அதே ஆண்டு வெளியான ராகிகடி (ஹரியானாவில் உள்ள ஹரப்பா நகரம்) ஆய்வில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளில் ஒரே ஒரு பெண்ணின் டிஎன்ஏ மட்டுமே தேறியது. வெப்பநாட்டு மண்ணில் டிஎன்ஏ விரைவில் சிதைந்துவிடுகிறது. அவரிடம் ஸ்டெப்பி மரபு இல்லை. இதைக் காட்டி "வெளியிலிருந்து யாருமே வரவில்லை" என்று வாதிடுவோர் காலத்தைக் கவனிப்பதில்லை. அவர் வாழ்ந்தது கி.மு. 2300-க்கு முன். பின்னால் வந்தவர்களின் மரபு அவரிடம் எப்படி இருக்கும்? இன்றைய இந்தியர் பலரிடம் அது இருக்கிறது, அவரிடம் இல்லை. இது குடிபெயர்வுக்கே சான்று.

தமிழர் நாமும் இங்கே நிதானிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் மரபு இன்றைய தென்னிந்தியரிடமும் கலந்திருக்கிறது என்பதால் அவர் திராவிட மொழி பேசினார் என்று ஆகிவிடாது. எலும்பு மொழி பேசாது. மொழிக்கான தடயங்கள் வேறு: பலுசிஸ்தானில் பேசப்படும் திராவிட மொழியான பிராகுயி, ரிக் வேதத்திலேயே தெரியும் நாவளை ஒலிகள் (ட, ண போன்றவை), அதில் பலர் காணும் திராவிடக் கடன்சொற்கள். சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவனும் அஸ்கோ பர்ப்போலாவும் இந்தத் திசையில் உழைத்தார்கள். திராவிட வாதம் வலுவானது என்றே கருதுகிறேன். ஆனாலும் பொறிப்பு ஒன்றுக்குச் சராசரியாக ஐந்து குறிகளே உள்ள எழுத்தை, இருமொழிக் கல்வெட்டு கிடைக்காமல் உறுதியாக வாசிக்க முடியாது.

குடிபெயர்வு வாதத்திலும் ஓட்டை இருக்கிறது. பாகிஸ்தானின் வடக்கே ஸ்வாத் பள்ளத்தாக்கில் ஸ்டெப்பி மரபு தெளிவாகத் தெரிவது கி.மு. 1200-ஐ ஒட்டிய எலும்புகளில்தான். வந்தவர்கள் சந்தித்தது நகரங்களை விட்டு ஊர்ப்புறம் போய்விட்ட பிற்கால ஹரப்பரை என்றால், அந்தச் சந்திப்பு சிந்து, பஞ்சாப் சமவெளியில் பதிந்திருக்க வேண்டும். ஹரப்பாவிலேயே கி.மு. 1900-க்குப் பிந்தைய இடுகாடு ஒன்று இருக்கிறது; தொல்லியலாளர் அதை 'எச்' இடுகாடு என்பார்கள். அத்தகைய இடங்களிலிருந்து நல்ல டிஎன்ஏ வரிசை ஒன்று கிடைத்தால், கலப்பு எந்தத் தலைமுறையில் தொடங்கியது, வந்தவர்களில் ஆண்கள் எவ்வளவு, பெண்கள் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுச் சொல்லலாம்.