ஸ்னாப்டாகிள்: தகர ஸ்டட் சுவரில் பெரிய டிவியைத் தாங்குமா?

டொராண்டோ காண்டோக்களின் (அடுக்குமாடி வீடுகளின்) உள்சுவரைத் தட்டினால் வெறும் பெட்டி மாதிரி ஒலிக்கும். அரை அங்குல டிரைவால் (ஜிப்சம் பலகை), அதற்குப் பின்னால் 16 அல்லது 24 அங்குலத்துக்கு ஒரு ஸ்டட் (பலகையைத் தாங்கும் நிமிர்ந்த சட்டம்), இடையில் வெற்றிடம். ஸ்டட் மரமாக இருந்தால் ஸ்னாப்டாகிள் என்ற சுவர்ப் பிடிமானத்துக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். 3/16 அங்குலத் துளை, 5/16 அங்குல லேக் போல்ட் (மரத்தில் நேராக இறங்கும் தடித்த திருகு), ஸ்டட்டின் நடுவில் இறக்கினால் போதும்.

தகர ஸ்டட்டில் அது செல்லாது. லேக் போல்ட் இரண்டு சுற்று பிடித்துவிட்டு, பிறகு தகரத்தை அறுத்துக்கொண்டு சும்மா சுழலும். எந்த ஸ்டட் என்று பார்க்க நல்ல காந்தம் ஒன்று வேண்டும். மரத்தில் அது திருகு இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டும். தகரத்தில் மேலிருந்து கீழ்வரை இழுத்துக்கொண்டே வரும்.

டாகிளர் நிறுவனத்தின் ஸ்னாப்டாகிளில் இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள், அவற்றின் நுனியில் போல்ட் திருக மரையிட்ட ஓர் இரும்புப் பட்டி. ஸ்டட்டின் நடுவில் அரை அங்குலத் துளை போட்டு (தகரத்தைத் துளைக்க மெட்டல் பிட், மெதுவான வேகம்), பட்டியைப் பட்டைகளோடு ஒட்டிப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும். பட்டைகளைப் பின்னுக்கு இழுத்ததும் உள்ளே பட்டி குறுக்கே விழும். பட்டைகளில் உள்ள வளையத்தைச் சுவர்வரை நகர்த்தி, மிச்சப் பட்டையை ஒடித்துவிட்டால் ஆயிற்று. பட்டி ஸ்டட்டின் நீளவாக்கில், அதாவது மேல் கீழாக நிற்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பினால் தகரத்தின் மடிப்பில் முட்டி, முழுதாகப் படியாமல் சாய்ந்து நிற்கும். துளை பெரிதாகிப் போனாலும் வம்புதான்.

இதன் பெரிய வசதி, போல்ட்டைக் கழற்றினாலும் பட்டி விழாது. பழைய பட்டாம்பூச்சி டாகிளில் போல்ட்டை எடுத்தால் இறக்கை சுவருக்குள் போய்விடும். அப்புறம் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

கால் அங்குலப் போல்ட்டுக்கான வகை அரை அங்குல டிரைவாலில் 265 பவுண்ட் தாங்கும் என்கிறார்கள். அது பிய்த்துக்கொண்டு வரும் அளவு, தொங்கவிடும் அளவல்ல. கால் பங்கு, அதாவது சுமார் 66 பவுண்ட் (30 கிலோ) என்றுதான் கணக்குப் போட வேண்டும். 25 கிலோ டிவி, மவுண்டின் (டிவியைத் தாங்கும் சட்டத்தின்) சுவர்ப் பிளேட்டில் மேல் கீழ் போல்ட்டுகளுக்கு இடையே 20 செ.மீ. என்று வைப்போம். சுவரோடு ஒட்டிய மவுண்டில் டிவி 6 செ.மீ.தான் வெளியே நிற்கும். மேல் போல்ட்டுகள் இரண்டுக்கும் சேர்த்து இழுவிசை 7.5 கிலோ. கை நீளும் மவுண்டில் 50 செ.மீ. இழுத்தால் அதே டிவி 62.5 கிலோவாக இழுக்கும், ஒரு போல்ட்டுக்கு 31 கிலோ, நம் 30 கிலோ கணக்கைத் தாண்டிவிடும். மவுண்டின் சொந்த எடையை இன்னும் சேர்க்கவில்லை, குழந்தை பிடித்துத் தொங்குவதையும் சேர்க்கவில்லை.

ஆகவே ஒட்டிய மவுண்டுக்கு, ஸ்டட்டின் தகரத்தையும் சேர்த்துப் பிடிக்கும்படி நான்கு போட்டால் தாராளமாக நம்பலாம். கை நீளும் மவுண்டை வெறும் டிரைவாலில் இதை நம்பி மாட்டவே கூடாது. அதற்குச் சுவரைத் திறந்து ஸ்டட்டுகளுக்கு இடையே 3/4 அங்குல பிளைவுட் வைத்துத்தான் மூட வேண்டும்.

இறுக்கும்போது இம்பாக்ட் டிரைவரை (அடித்து அடித்து முறுக்கும் மின் திருகுளியை) தொடாதீர்கள். டிரைவாலின் காகிதம் கிழிந்து பிளேட் உள்ளே அமுங்கினால் பிடிமானம் போய்விடும். சுவிட்ச், பிளக் பாயிண்ட்டுக்கு நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள். வயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஓடும்.