மெட் பெருக்கத்தை எண்ண சைட்டோலைட் மெட்/சென் 7 புரோப்: லேபில் எப்படி?

ஒசிமெர்டினிப் (இஜிஎஃப்ஆர் மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரை) எடுத்துவரும் நுரையீரல் புற்றுநோயாளிக்குக் கட்டி மறுபடி வளர்ந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் மெட் மரபணுப் பெருக்கமும் (அந்த மரபணுவின் பிரதிகள் அளவுக்கு மீறிக் கூடுவது) ஒன்று. அதை ஃபிஷ் முறையில் (ஒளிரும் டிஎன்ஏ துண்டான புரோபை மரபணுவில் ஒட்டவைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) பார்த்து எண்ண, ஜெர்மனியின் சைட்டோவிஷன் தரும் இந்த இருநிற புரோப் நம்பி வாங்கக்கூடியது. 7ஆம் குரோமோசோமின் க்யூ31 பகுதியில் உள்ள மெட் பச்சையாகவும், அதே குரோமோசோமின் இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியர் (சென் 7) ஆரஞ்சாகவும் ஒளிரும்.

கலக்கும் வேலை இல்லை. ஸ்லைடுக்கு 10 மைக்ரோலிட்டர். டிஎன்ஏ இழைகள் பிரிய 75 டிகிரியில் 10 நிமிடம், பிறகு புரோப் ஒட்ட 37 டிகிரியில் ராத்திரி முழுக்க. குப்பியை வெளிச்சம் படாமல் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்.

படுத்துவதெல்லாம் பெப்சின்தான், அதாவது புரோப் உள்ளே போக திசுவின் புரதத்தைக் கரைக்கும் நொதி. நேரம் குறைந்தால் புரோப் உள்ளே போகாது, புள்ளிகள் மங்கி பச்சை மூட்டம் நிற்கும். கூடினால் நியூக்ளியஸ் அரிக்கப்பட்டு, டேபி என்ற டிஎன்ஏ சாயத்தில் வெறும் வளையமாகத் தெரியும். ஃபார்மலினில் திசு எவ்வளவு நேரம் கிடந்ததோ அதற்கேற்ப இந்த நேரம் மாறும். எனவே முதலில் ஒரு ஸ்லைடுக்கு டேபி மட்டும் போட்டுப் பாருங்கள், புரோப் மிச்சமாகும். அமிலத்தில் கால்சியம் நீக்கிய எலும்பு பயாப்ஸியில் இதைப் போடுவது வீண்.

எண்ணும்போது அவசரம் கூடாது. மெட் சராசரி 6, சென்ட்ரோமியர் 5.5 என்றால் விகிதம் 1.1தான்: குரோமோசோமே கூடியிருக்கிறது, இது பெருக்கம் இல்லை. மெட் 12, சென்ட்ரோமியர் 3 என்றால் விகிதம் 4, சந்தேகமே வேண்டாம். விகிதத்துக்கு 2 என்பது வழக்கமான எல்லை. ஆனால் விகிதத்தை விட்டு, மெட் சராசரி 5 பிரதி, 10 பிரதி என்று எல்லை வைத்த ஆய்வுகளும் உண்டு. ரிப்போர்ட்டில் விகிதத்தையும் சராசரிப் பிரதி எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதுங்கள். பெருக்கம் கட்டியின் ஒரு மூலையில் மட்டும் இருக்கலாம், முழு ஸ்லைடையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு எண்ண ஆரம்பிக்கவும்.

புற்றணுக்கள் குறைவாக உள்ள மாதிரியில் என்ஜிஎஸ் (பல மரபணுக்களை ஒரே நேரத்தில் படிக்கும் சோதனை) பெருக்கத்தைத் தவறவிடலாம், ஃபிஷ் பிடிக்க வாய்ப்பு அதிகம். ரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏவைத் தேடும் பரிசோதனை நெகட்டிவ் என்பதை வைத்து மெட் பெருக்கம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அதேசமயம் இஜிஎஃப்ஆரின் சி797எஸ், மெட்டின் எக்ஸான் 14 போன்ற சிறு மரபணு மாற்றங்கள் ஃபிஷ்ஷில் தெரியாது, அவற்றுக்கு வேறு சோதனை வேண்டும். எனவே திசுவை மெழுகில் பதித்த பிளாக்கை முழுக்க ஃபிஷ்ஷுக்கே வெட்டித் தீர்த்துவிடாதீர்கள்.

பெப்சினும் கழுவும் கரைசலும் புரோபுடன் வராது, தனி கிட். விலை விசாரிக்கும்போது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.