கிரியேட்டினின் குறைந்தது, அப்பாவும் குறைந்தார்

வீட்டில் கிட்னி நோயாளி இருந்தால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். ரூ.14,400 போனதைக்கூட விடுங்கள். மூன்று மாதத்தில் அப்பா ஆறு கிலோ இளைத்தாரே, அதுதான் ஆறவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரையால் வந்த பாதிப்பு, நாலாவது ஸ்டேஜ். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 3.4; கிட்னி கெடக் கெட இது ஏறும். டயாலிசிஸ் என்று காதில் விழுந்தாலே அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு 'கிட்னி டயட் கவுன்சிலர்' வந்தார். "டயாலிசிஸ் எதுக்கு சார், அந்த வேலையைக் குடலே பார்த்துக்கும்" என்றார். நல்ல பாக்டீரியா கேப்ஸ்யூல், அதற்குத் தீனியாக நார்ச்சத்துப் பவுடர். கேப்ஸ்யூலுக்கு 3,000 கோடி பாக்டீரியாவாம், 25 டிகிரிக்குள் வைக்கணுமாம். மதுரை மே வெயிலில் கூரியர் பையன் நீட்டிய பெட்டி கையைச் சுட்டது. எத்தனை கோடி உயிரோடு வந்து சேர்ந்ததோ!

அவர் சொன்னது முழுப் பொய் இல்லை, அதனால்தான் விழுந்தோம். கிட்னி கெட்டால் யூரியா குடலுக்குள்ளும் இறங்கும். அங்கிருக்கும் பாக்டீரியா அதை அம்மோனியா ஆக்கும். இண்டாக்சில் சல்பேட், பி-கிரெசில் சல்பேட் என்ற நச்சுகளுக்கு மூலமும் குடல்தான். 2016-ல் ஆஸ்திரேலியாவில் 37 பேரை வைத்துச் செய்த சோதனையில் இதுபோன்ற கலவை பி-கிரெசில் சல்பேட்டைக் குறைத்திருக்கிறது. ஆனால் கிட்னி தேறவில்லை. 2023-ல் காக்ரேன் அமைப்பு 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் பலன் உண்டென்று உறுதியாகச் சொல்லவில்லை. இதையெல்லாம் நான் தேடிப் படித்தது பணம் கட்டிய பிறகு.

டப்பாவோடு ஒரு டயட் சீட்டும் வந்தது. பருப்பு, முட்டை, மீன், பால் எதுவும் கூடாது. ரத்தத்தில் அமிலம் கூடாமலிருக்க டாக்டர் தந்த சோடாமின்ட் மாத்திரையையும் "மெதுவா விட்டுடலாம்" என்றார் கவுன்சிலர். அம்மா சீட்டில் இருந்தபடியே இம்மி பிசகாமல் சமைத்தார். இரண்டாம் மாதம் ரிப்போர்ட்டில் 2.9! அம்மா கோயிலுக்கு ஓடினார், நான் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துக் கவுன்சிலருக்கு அனுப்பினேன். அப்பாவின் வாட்ச் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தும் "உடம்பு லேசாயிருக்கு" என்று சிரித்தோம். புத்தி எங்கே போனதோ.

மூன்றாம் மாதம் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பழைய டாக்டரிடமே போனோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன் அப்பாவின் தொடையைப் பிடித்துப் பார்த்தார். "கிரியேட்டினின் தசையிலிருந்து வர்றது தம்பி. தசையே கரைஞ்சா ரீடிங் இறங்கத்தான் செய்யும்." தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி டெஸ்ட் எடுத்ததில் கிட்னி முன்பைவிட மோசம். ரத்தப் புரதமான ஆல்புமின் 3.9-லிருந்து 3.1. அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் வெறும் 15, அமிலம் கூடித்தான் அந்த மூச்சிரைப்பு.

இப்போது சோடாமின்ட் மறுபடி உண்டு, தினம் ஒரு முட்டை வெள்ளைக்கரு உண்டு. டப்பா பரணில்.

கவுன்சிலரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பிரிச்ச பேக் ரிட்டன் கிடையாது. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'ன்னு லேபிள்லயே போட்டிருக்கே சார்" என்றார். போட்டிருந்தது, எறும்பு சைஸ் எழுத்தில். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன்.

போன வாரம் அத்தையின் குரூப்பில் ஒரு விளம்பரம். 'மதுரை வாடிக்கையாளர், 60 நாளில் 3.4-லிருந்து 2.9.' பெயரை மட்டும் கறுப்பு மையால் மறைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் வந்தால், அது என் அப்பாவின் ரிப்போர்ட்.