நீல இன்ஹேலரும் என் படபடப்பும்

"அண்ணி, மாசமா இருந்தப்போ நீங்க நீல இன்ஹேலர் அடிச்சீங்களே, ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்கிறாள் நாத்தனார். அவளுக்கு இது ஐந்தாம் மாதம்.

அந்த நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் என்ன செய்யும் என்று ஆஸ்துமாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பஃப், சில நிமிடத்தில் நெஞ்சு லேசாகிவிடும். என் எரிச்சலெல்லாம் அப்புறம் வரும் படபடப்பின் மேல்தான். கர்ப்பத்தில் ரத்த அளவு கூடுவதால் இதயம் சும்மாவே வேகமாக அடிக்கும். அதன் மேல் இதுவும் ஏறினால் கேட்கவே வேண்டாம். காபி ஆற்ற டபராவைத் தூக்கினால் விரல் நடுங்கிச் சேலையில் சிந்தும். மூச்சு வாங்குவது இழுப்பாலா, மருந்தாலா, வயிற்றுப் பாரத்தாலா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. இன்னொரு பஃப் அடிக்கவும் பயம், அடிக்காமல் இருக்கவும் பயம்.

ஒருமுறை இழுப்பு முற்றி, மருந்தைப் புகைபோல ஆக்கி முகமூடி வழியாக உள்ளே அனுப்பும் நெபுலைசர் வைத்தார்கள். அதில் இதே மருந்து ஒரு வேளைக்கு 2.5 அல்லது 5 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம்தான். அன்றைக்குச் சர்க்கரை ஏறியது, பொட்டாசியம் இறங்கியது. ஈரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுவதும், ரத்தத்திலிருக்கும் பொட்டாசியத்தை செல்களுக்குள் தள்ளுவதும் இந்த மருந்தின் குணமாம். சர்க்கரைக்கு ஸ்டீராய்டு ஊசியும் காரணம் என்றார் டாக்டர். சரி, பழியை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். ஆனால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை மறுநாளே இருந்தது; நானாகக் கேட்ட பிறகுதான் தள்ளிவைத்தார்கள்.

மாமியார் எங்கோ படித்துவிட்டு "இது பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது" என்றார். அந்த எச்சரிக்கை வேறு. இதே குடும்பத்து மருந்தான டெர்பியூட்டலினைக் குறைப்பிரசவத்தைத் தள்ளிப்போட நாள்கணக்கில் ஊசியாகவோ, மாத்திரையாகவோ கொடுக்கக் கூடாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011-ல் சொன்னது. தாய்க்கு இதயக் கோளாறும் உயிரிழப்பும் நேர்ந்ததுதான் காரணம். இழுப்புக்கு அடிக்கும் பஃப் அந்தக் கணக்கில் வராது. மூச்சு திணறினால் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும், அதுதான் பெரிய ஆபத்து.

தினசரி அடிக்கும் தடுப்பு இன்ஹேலரை டாக்டர் ஒழுங்குபடுத்திய பிறகு நீலத்தின் தேவையே குறைந்தது.

ஆபத்துக்கு உதவியது, பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது. இருந்தாலும் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன், அந்த நடுக்கத்தை மன்னிக்க மனசு வரவில்லை. நீ மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதே. சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும்போது நெபுலைசர் வைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடு.