வீசாட்: ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு எப்படி?

வீசாட் 2003 முதல் வந்துகொண்டிருக்கும் திறமூல ஐஆர்சி கிளையன்ட், அதாவது ஐஆர்சி என்ற எழுத்து அரட்டை முறைக்கான மென்பொருள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் ஓடுவதால் மவுஸை நம்பிப் பழகியவர்களுக்கு முதல் சில நாட்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பைத்தான், பெர்ல், ரூபி, லுவா என்று கைக்கு வந்த மொழியில் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதிச் சேர்க்கலாம். ஓடாத ஸ்கிரிப்ட் எங்கே சிக்கியது என்று பார்க்கவும் நல்ல வசதி உண்டு. இதில் முழு மதிப்பெண்ணே தரலாம்.

ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் கிடக்கிறதா? சேனலை (அரட்டை அறையை) முறைத்துப் பார்க்காமல் கோர் பஃபருக்கு, அதாவது வீசாட் தன் சொந்தச் செய்திகளைக் காட்டும் பகுதிக்குப் போங்கள். பிழைச் செய்தி அங்கேதான் விழும். தொடக்கத்தில் ஸ்கிரிப்ட்டை வீசாட்டில் பதிவுசெய்யும் ரிஜிஸ்டர் அழைப்பை விட்டிருந்தால் ஸ்கிரிப்ட் ஏறவே ஏறாது. கால்பேக்கின் (நிகழ்வு நடக்கும்போது வீசாட் அழைக்கும் உங்கள் ஃபங்ஷனின்) முடிவில் ஓகே மதிப்பைத் திருப்பித் தர மறந்தாலும் அங்கே புலம்பல் வரும். சிக்னல் (நிகழ்வு அறிவிப்பு) கால்பேக்குக்கு டேட்டா, சிக்னல் பெயர், சிக்னல் டேட்டா என மூன்று மதிப்புகள் வரும். இரண்டு மட்டும் வாங்குவதாக எழுதியிருந்தால் பைத்தான் முரண்டு பிடிக்கும்.

பிழையே இல்லை, ஆனால் பதிலும் இல்லை என்றால் 'சர்வர் ரா' கட்டளையைக் கொடுங்கள். சர்வரிலிருந்து வருவதும் போவதும் வரிக்கு வரி தனி பஃபரில் ஓடும். செய்தி அதில் வந்திருந்தால் தவறு உங்கள் ஹூக்கில், அதாவது சிக்னலோடு கால்பேக்கை இணைக்கும் வரியில். பெரும்பாலும் சிக்னல் பெயரின் முன்னால் சர்வர் பெயரோ, எல்லா சர்வருக்குமான நட்சத்திரக் குறியோ விடுபட்டிருக்கும்.

டைமர் நேரம் மில்லிசெகண்டில். ஒரு நிமிடம் என்று நினைத்து 60 போட்டால் நொடிக்குப் பதினாறு முறை ஓடும். 60000 போட வேண்டும். அதிகபட்ச அழைப்பு 0 என்றால் நிற்கவே நிற்காது.

இதன் பெரிய பலவீனம், ஸ்கிரிப்ட்டும் திரையும் ஒரே இழையில் (த்ரெட்) ஓடுவது. பைத்தான் ஸ்லீப்பில் ஐந்து நொடி வைத்தால் ஐந்து நொடியும் முழு கிளையன்டும் உறைந்துபோகும், தட்டச்சுகூட நகராது. இணையத்திலிருந்து எதையாவது எடுக்கவேண்டுமானால் வேலையைத் தனியாக ஓட்டும் ஹூக் ப்ராசஸைப் பயன்படுத்துங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு: வெளியீடு பெரிதாக இருந்தால் துண்டு துண்டாக வரும், கால்பேக் பலமுறை அழைக்கப்படும். ரிட்டர்ன் கோட் -1 என்றால் வேலை இன்னும் முடியவில்லை. வந்ததைச் சேர்த்துவைத்துக் காத்திருக்க வேண்டும். முதல் துண்டிலேயே ஜேசான் வடிவத் தரவைப் பிரிக்கப் போனால் சில நாள் ஓடும், சில நாள் விழும்.

பாதுகாப்பில் கிளையன்டை நம்பியிருக்க முடியாது. யாரோ எழுதிய வாக்கியத்தை அப்படியே கமாண்ட் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், அது சாய்கோட்டில் தொடங்கும்போது கட்டளையாகவே ஓடிவிடும். வேற்றாள் உங்கள் கிளையன்டை ஓட்டுகிறார் என்று பொருள். எம்எஸ்ஜி கட்டளையையும் நட்சத்திரக் குறியையும் (இங்கே அதன் பொருள் தற்போதைய சேனல்) முன்னால் ஒட்டி அனுப்பினால் வெறும் பேச்சாகவே போகும். தானியங்கிப் பதில்களை நோட்டீஸ் வகைச் செய்தியாக அனுப்புங்கள், நோட்டீஸுக்குப் பதில் தராதீர்கள். இல்லாவிட்டால் இரண்டு பாட்கள் (தானாகப் பதில் தரும் நிரல்கள்) விடிய விடியப் பேசிக்கொள்ளும்.

தமிழில் எழுதுபவர்கள் பைட் கணக்கையும் பார்க்க வேண்டும். ஐஆர்சி வரி, முன்னால் வரும் அனுப்புநர், கட்டளை விவரமும் வரி முடிவும் சேர்த்து 512 பைட்டுக்குள் இருக்க வேண்டும். 'தமிழ்' மூன்று எழுத்துதான், ஆனால் யூடிஎஃப்-8-இல் 15 பைட். நீண்ட செய்தியை வீசாட் தானே பிரித்து அனுப்பும், ஆனால் ஒரே பதில் நான்கைந்து வரியாக சேனலில் கொட்டும். சுருக்கி அனுப்புவதே மேல்.

கொம்பும் புள்ளியும் திரையில் இடம் மாறித் தெரிந்தால் உடனே ஸ்கிரிப்ட்டைத் தோண்டாதீர்கள். அந்த வரியை நகலெடுத்து வேறொரு எடிட்டரில் ஒட்டிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு டெர்மினலில்.