எல்ட்ஸ் கோட்டைக்கு மூன்று வழிகள்: குழந்தைகளோடு எதில் நடப்பது?

ஜெர்மனியில் கோப்லென்ஸுக்கும் ட்ரியருக்கும் நடுவே, மோசல் ஆற்றை விட்டுக் கொஞ்சம் உள்ளே, காட்டுப் பள்ளத்தாக்கில் நிற்கிறது எல்ட்ஸ் கோட்டை. குடும்பத்தோடு ஒரு நாளில் போய்வர அருமையான இடம். எந்தப் பக்கமாக நடப்பது என்பதில்தான் குழப்பம். கோட்டையின் மேல் பார்க்கிங்கில் காரை விட்டு இறங்கலாம், மோசல்கெர்ன் கிராமத்திலிருந்து ஓடையோரமாக வரலாம், வீர்ஷெம் ஊரில் தொடங்கும் நீண்ட சுற்றுப்பாதையிலும் வரலாம். ஆறேழு வயதுக்கு மேற்பட்ட, நடக்கப் பிடித்த பிள்ளைகள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மோசல்கெர்ன் வழியைத்தான் சொல்வேன்.

மேல் பார்க்கிங்கைக் குறை சொல்லவில்லை. காட்டுப் பாதையில் பதினைந்து இருபது நிமிடம் இறங்கினால் போதும், கோட்டை முழுசாகத் தெரியும் அந்தப் புகழ்பெற்ற இடமும் இந்தப் பக்கம்தான். தாத்தா பாட்டி கூட வந்தால், அல்லது தள்ளுவண்டியில் கைக்குழந்தை இருந்தால், வேறு யோசனையே வேண்டாம். தார்ச்சாலை இருக்கிறது, சீசனில் சிறிய பேருந்தும் ஓடுகிறது. ஒரு சங்கடம், போகும்போது இறக்கம் என்பதால் திரும்பும்போது ஏற்றம். கோட்டையைச் சுற்றிப் பார்த்துக் களைத்த பிள்ளைகளை அந்த ஏற்றத்தில் கூட்டி வருவது எளிதில்லை. நடை என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குக் காடும் கிடைக்காது.

மோசல்கெர்ன்னுக்கு ரயிலிலேயே வந்துவிடலாம், கார் தேவையில்லை. நிலையத்திலிருந்து சுமார் ஒன்றரை மணி நேர நடை, ஆனால் ஊரைத் தாண்டி ரிங்கெல்ஸ்டைனர் ஆலை வரையான முதல் பாதி தார்ச்சாலை என்பதால் பெரிய சுவாரசியம் இருக்காது (காரில் வருகிறவர்கள் அந்த ஆலைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு இந்தப் பாதியைத் தவிர்த்துவிடலாம், அப்போது முக்கால் மணிக்குள் கோட்டைக்கு வந்துவிடலாம்). அதன் பிறகுதான் அசல் காடு. எல்ட்ஸ் ஓடை கூடவே வரும், வேர்களும் கற்களுமாகப் பாதை மேலும் கீழும் போகும், தண்ணீரில் கல் எறியாமல் எந்தப் பிள்ளையும் நகராது, அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். தள்ளுவண்டி இங்கே உருளாது. ஓடை மூன்று பக்கமும் வளைத்து ஓடும் சுமார் 70 மீட்டர் உயரப் பாறையில் கோட்டை உட்கார்ந்திருப்பதால் கடைசிவரை கண்ணிலேயே படாது. ஒரு திருப்பத்தில் மரங்களுக்கு மேலே கோபுரங்கள் திடீரென்று தெரியும், அதைக் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதுதான் இந்த வழியின் பெரிய பலம். கடைசியில் படி ஏற வேண்டும், ஆனால் திரும்பும்போது பெரும்பாலும் இறக்கம். மேலே இருந்து எடுக்கும் அந்தப் படம் வேண்டுமென்றால் கோட்டை வாசலிலிருந்து பார்க்கிங் பக்கமாகக் கொஞ்ச தூரம் ஏறினால் கிடைத்துவிடும், அதனால் எதையும் இழக்கப் போவதில்லை.

அந்தப் பக்கம் ஏறும்போது எதிர்க் குன்றில் இருக்கும் ட்ரூட்ஸ் எல்ட்ஸ் சிதிலத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ட்ரியர் பேராயர் பால்டுவின் 1331-இல் தொடங்கிய சண்டையில் எல்ட்ஸ் கோட்டையை மடக்குவதற்கென்றே கட்டிய முற்றுகைக் கோட்டை அது. இன்று அது இடிந்து கிடக்கிறது, எல்ட்ஸ் முழுசாக நிற்கிறது. 1157-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பெயர் வரும் குடும்பத்தின் கையில்தான் கோட்டை இன்னும் இருக்கிறது. 1268-க்கு முன்பே அண்ணன் தம்பி மூவர் பாகம் பிரித்துக்கொண்டு, அவரவர் கிளை ஒரே முற்றத்தைச் சுற்றித் தனித்தனி வீடு கட்டிக்கொண்டதால்தான் இத்தனை கூரையும் கோபுரமும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம், பாகப்பிரிவினை தெரியாத குடும்பம் நம்மிடம் ஏது!

வீர்ஷெம் சுற்றுப்பாதை 12 கிலோமீட்டருக்கு மேல். காடு, வயல், மேட்டிலிருந்து தெரியும் பரந்த வெளி என்று எல்லாம் உண்டு, அழகில் இதுதான் முதலிடம் என்று சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் நடைக்கே நாலு மணி நேரத்துக்கு மேல் போய்விடும், உள்ளே சுற்றிப் பார்க்கவும் சேர்த்தால் நாள் முழுக்க ஆகும். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு கோடையில் போங்கள், சின்னவர்களோடு வேண்டாம்.

எந்த வழியில் போனாலும், கோட்டையின் உள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும், முக்கால் மணிக்குள் முடிந்துவிடும், அறைகளுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. திறந்திருப்பது பொதுவாக ஏப்ரல் தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. விடுமுறை நாட்களில் மதியத்தில் வரிசை நீளும், அதனால் மோசல்கெர்ன்னில் காலை ரயிலிலேயே இறங்கிவிடுங்கள்.